முதல் ரிவால்வர் எதுவாக இருக்கலாம்?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். இலக்கு பார்த்துச் சுடும் பயிற்சிக்காக மட்டுமே முதன்முறையாக ஒரு ரிவால்வர் வாங்க எண்ணுகிறேன். கடைக்காரர் பாயின்ட் 357 மேக்னம் என்ற வலுமிக்க தோட்டாவைச் சுடும் ரகத்தைப் பரிந்துரைக்கிறார். வாங்கலாமா?

பதில்: அது நல்ல துப்பாக்கிதான், ஆனால் முதல் துப்பாக்கியாக அதை நான் சொல்ல மாட்டேன். மேக்னம் தோட்டாவின் உதைப்புக்கும் ஓசைக்கும் அஞ்சி, விசையை இழுக்கும் கணத்திலேயே கையைச் சட்டென அசைத்துவிடும் பழக்கம் புதியவர்களிடம் எளிதில் படிந்துவிடும். படிந்தபின் அதைப் போக்குவது பெரும்பாடு. சிறிய தோட்டாவைச் சுடும் பாயின்ட் 22 ரகத்தில் உதைப்பு மிகக் குறைவு, தோட்டாவும் மலிவு என்பதால் ஒரே மாலையில் 100 முறை சுட்டாலும் கையும் பணப்பையும் தாங்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 617 மாதிரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஆறங்குலக் குழலுடன் ஏறத்தாழ 1.25 கிலோ எடை இருப்பதால் கையில் அசையாமல் நிற்கும். குறிபார்க்க உதவும் பின்பக்க அமைப்பான பின்குறியைத் திருத்திக்கொள்ளவும் முடியும்.

நீண்ட குழல் தானாகவே துல்லியம் தருவதில்லை. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடுவதால், குறிபார்ப்பதில் நாம் செய்யும் பிழை குறைகிறது, அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை: 22 ரகத்தில், தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி அதன் விளிம்பைத்தான் தட்டுகிறது. தோட்டா இடும் துளை காலியாக இருக்கும்போது விசையை இழுத்துப் பழகினால், சில மாதிரிகளில் அந்தத் துளையின் ஓரம் நசுங்கக்கூடும் என்பதால் போலித் தோட்டாக்களை இட்டுப் பழகுங்கள்.

கடைக்காரரின் யோசனையே பிடித்திருந்தால், அதே மேக்னம் ரிவால்வரில் உதைப்பு குறைந்த 38 ஸ்பெஷல் ரகத் தோட்டாக்களைச் சுடலாம்; ஆனால் 38 ஸ்பெஷலுக்கான ரிவால்வரில் மேக்னம் தோட்டாவை ஒருபோதும் இடக்கூடாது.