பண்ருட்டி பக்கம் ஊர் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்க எப்படித் தொடங்குவது?

கேட்டவர் ஐம்பது குஞ்சு வாங்கலாமா என்கிறார். வேண்டாம். நான்கு பெட்டை, ஒரு சேவல் போதும். சந்தையில் வாங்காதீர்கள், நோயும் கூடவே வரும். தெரிந்த வீட்டில், முட்டையிடத் தொடங்கும் பருவத்து விடைக்கோழியாகக் கேளுங்கள்.

கொட்டகையைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர் மண் நாள்கணக்கில் காயாது. ஈரத்தில் நிற்கும் கோழி சீக்கிரம் சீக்கில் விழும். முந்திரித்தோப்பு அருகில் இருந்தால் கீரி, மரநாய் வரக்கூடும். பொடிக்கண் கம்பிவலை அடித்து, இரவில் கதவைத் தாழிடுங்கள். ஒரே ஒரு நாள் நான் மறந்தேன். காலையில் வாசலில் இறகுதான் கிடந்தது.

தீனி பெரிய கவலையில்லை. கம்பு, நொய், அடுப்படி மிச்சம் போதும், மீதியை அதுவே கிளறித் தின்றுவிடும். தண்ணீரை மட்டும் தினமும் மாற்றுங்கள்.

பயப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய்க்குத்தான். வந்தபின் மருந்து கிடையாது, கூண்டே காலியாகும். குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. எட்டாவது வாரம் இறக்கையடியில் தடுப்பூசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். வாங்கினால் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டு வாருங்கள், சூடு பட்டால் வீண்.

அப்புறம் அடை வைப்பது. ஒரு கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை. கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு வையுங்கள். 21 நாளில் பொரிக்கும். முதல் சில வாரம் குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வையுங்கள், காக்கையும் பருந்தும் கூரை மேலேயே உட்கார்ந்திருக்கும்.