கார்பன் நானோ கரைசலில் விதைநெல்லை ஊறவைக்கலாமா?

கேள்வி: குறுவை நாற்றங்காலுக்கு விதை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு கருப்புக் கரைசலைக் காட்டி, “கார்பன் நானோ குழாய் கலந்தது, இதில் ஊறவைத்தால் முளைப்பும் தூரும் கூடும்” என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?
– விவசாயி, மன்னார்குடி வட்டம்

பதில்: வேண்டாம் ஐயா. ஆனால் அவர் சொல்வதற்கு ஓர் அடிப்படை உண்டு. 2009-ல் ஓர் ஆய்வகத்தில் தக்காளி விதைகளை இந்தக் குழாய்கள் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் வைத்தார்கள். குழாய்கள் விதைத்தோலுக்குள் புகுந்தன, விதை கூடுதலாக நீர் உறிஞ்சி விரைவில் முளைத்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், திரவத்தில் வளர்த்த நெற்செல்கள் இதே பொருளால் எண்ணிக்கையில் குறைந்தன. நமக்கு வேண்டியது நெல். அது ஒரு நாள் ஊறினாலே தேவையான நீரை எடுத்துக்கொள்கிறது. பயிருக்கான கார்பனும் காற்றிலிருந்தே கிடைக்கிறது.

சரி, இந்தக் குழாய் என்ன? பென்சில் கரியின் ஓர் அணுவின் தடிமனே உள்ள ஏட்டைக் கோரைப்பாய் போலச் சுருட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய இயற்பியலாளர் சுமியோ இஜிமா 1991-ல் இதை விளக்கிய பிறகுதான் உலகம் கவனித்தது. ஒற்றைச் சுவர்க் குழாயின் குறுக்களவு ஏறக்குறைய 1 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு வலிமை. பாயை நேராகச் சுருட்டுகிறோமா, சாய்த்தா என்பதைப் பொறுத்து அது உலோகம் போலவோ குறைகடத்தி (செமிகண்டக்டர்) போலவோ மின்சாரத்தைக் கடத்தும். எனக்கு இன்றும் வியப்புத் தருவது இதுதான். லித்தியம் பேட்டரி மின்முனையில் சிறிதளவு கலந்தாலே மின்சாரம் ஓட வலைப்பின்னல் அமைந்துவிடுகிறது. இதன் உண்மையான இடம் அங்கேதான்.

வயலில் எனக்குள்ள கவலை வேறு. இது எளிதில் மட்காது. நீண்ட, விறைப்பான வகைகள் எலிகளின் உடலில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை போலவே அழற்சி உண்டாக்கியதை 2008-ல் கண்டார்கள். கரைசல் சாக்கிலும் களத்திலும் காய்ந்தால், அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது உங்கள் வீட்டார்தான். அப்புறம், பாட்டிலில் இருப்பது நானோ குழாயா வெறும் கரித்தூளா என்று கண்ணால் சொல்ல முடியாது, எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். நானோ யூரியா என்ற திரவ உரம் வேறு பொருள், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்து, மிதக்கும் பதரை நீக்கி, விதையை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்து நேர்த்தி செய்யுங்கள். கரைசலை ஏற்கெனவே வாங்கியிருந்தால் வாய்க்காலில் கொட்டாமல், மூடியபடியே ரசீதுடன் வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டுங்கள்.