ஊசி குத்தட்டும், மாத்திரையை விடாதீர்கள்

கேள்வி: என் மாமனாருக்கு 61 வயது, லுங்கி வியாபாரம். தை மாதம் சோளிங்கர் பெரிய மலை ஏறும்போது பாதியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் வேலூர் போய் ஆஞ்சியோ எடுத்ததில் ஒரு சின்ன குழாயில் அடைப்பு, இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார்கள். இங்கே ஒரு அக்குபங்சர் ஹீலர், "மாத்திரையெல்லாம் விஷம், நிறுத்திவிட்டு வாரம் ஒருமுறை வாங்க, அடைப்பு தானே கரையும்" என்கிறார். அக்குபங்சரால் நெஞ்சுவலி குறைவதாக சீனாவில் ஆராய்ச்சியே இருக்கிறதாமே? - வாசகி, குடியாத்தம்

பதில்: ஆராய்ச்சி இருக்கிறதம்மா, அது பொய் இல்லை. ஆனால் ஹீலர் அதில் பாதியை முழுங்கிவிட்டார்.

2019-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. சீனாவில் ஐந்து மருத்துவமனைகளில், உங்கள் மாமனாரைப் போலவே சிரமப்பட்டால் நெஞ்சு பிடிக்கும், உட்கார்ந்தால் விடும் என்ற நிலையில் இருந்த 404 பேரை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இதயத்துக்கு என்று அவர்கள் வைத்திருக்கும் புள்ளிகளில் ஊசி, இன்னொன்றுக்கு சம்பந்தமில்லாத நாடியில் (உடம்பில் சக்தி ஓடுவதாக அவர்கள் சொல்லும் பாதை) ஊசி, மூன்றாவதுக்கு புள்ளியே இல்லாத இடத்தில் ஒப்புக்கு ஊசி, கடைசிக் குழுவுக்கு ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான். வாரம் மூன்று முறை, நாலு வாரம், மொத்தம் 12 தடவை. முதல் குழுவில் நாலு வாரத்துக்கு வரும் வலி சுமார் 8 தடவை குறைந்தது, சம்பந்தமில்லாத நாடியில் 4 தடவை, ஒப்புக்கு ஊசியில் 3-க்கும் கொஞ்சம் குறைவு, சும்மா காத்திருந்தவர்களுக்கே 2 தடவைக்கு மேல் குறைந்திருக்கிறது. நல்ல வித்தியாசம்தான், நான் மறுக்கவில்லை.

முழுங்கிய பாதி இதுதான்: அந்த நாலு குழுவுக்குமே வழக்கமான இதய மாத்திரை சிகிச்சை உண்டு. மாத்திரையோடு ஊசியும் சேர்ந்தால் வலி இன்னும் குறையுமா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அடைப்பு கரைந்ததா என்று அவர்கள் பார்க்கவே இல்லை. வலி எத்தனை தடவை வந்தது என்று நோயாளிகளே டைரியில் எழுதி வைத்த கணக்கு அது. ஊசி குத்துகிறவருக்கு எந்த இடத்தில் குத்துகிறோம் என்று தெரியும், அவர் முகத்தையும் பேச்சையும் வைத்து நோயாளிக்கு நம்பிக்கை கூடியிருக்கலாம், அதையும் கழித்துத்தான் பார்க்கவேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன், உங்கள் ஹீலர் ஊசி போடுகிறாரா? நம் பக்கம் பலபேர் நாடி பார்த்துவிட்டு ஒரு விரலால் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு இந்தச் சீன ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிடுவது, ஆம்பூர் பிரியாணிக்குக் கிடைத்த பேரை ஊரில் உள்ள எல்லாக் குஸ்காவுக்கும் எழுதிக்கொள்வது மாதிரி.

மாத்திரையை நிறுத்துவதுதான் எனக்குப் பயம். மெட்டோப்ரோலால் மாதிரி துடிப்பை அடக்கும் மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பும், மாரடைப்பே வரலாம். வாணியம்பாடியில் டேனரி மேஸ்திரி ஒருவர், இப்படித்தான் யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தியவர், இரண்டு வாரம் கழித்து விடியற்காலை நாலு மணிக்குச் சட்டை முழுக்க வியர்வையோடு என்னிடம் வந்து சேர்ந்தார். பையில் மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது. பிழைத்துக்கொண்டார்.

மாமனாருக்கு ஆசை இருந்தால் முறையாகப் படித்தவரிடம், ஒருமுறை மட்டும் குத்தி எறியும் ஊசியில், இதய டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையோடு சேர்த்துப் போகட்டும். ஆஸ்பிரின் சாப்பிடுவதால் ஊசி பட்ட இடம் கன்னிப்போகலாம். நெஞ்சில் ஆழமாகக் குத்த விடாதீர்கள், நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கட்டும், உட்கார்ந்துதான் வைக்கவேண்டும், நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி மயக்கம் வரும். அப்புறம் சோளிங்கரில் 1,305 படி, இப்போது ரோப் கார் வந்துவிட்டது, அதில் போகட்டும், அங்கே நரசிம்மர் யோகத்தில்தான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: மணிக்கட்டுக்கு மேலே ஒரு இடத்தை அழுத்தினால் மாரடைப்பு நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? - வாசகர், காட்பாடி

பதில்: நிற்காது. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாணுக்கு நடுவே இருக்கும் புள்ளி அது. சீனர்கள் நெய்குவான் என்பார்கள். மேலே சொன்ன ஆய்விலும் அங்கே குத்தினார்கள், வாந்தி குமட்டலுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு அழுத்தி, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ வலி ஓடினால் அழுத்திக்கொண்டு உட்காரும் நேரம் இல்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவது மட்டும்கூட இருக்கும். பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் கொடுத்து அனுப்புவார்கள். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம் இது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை, ஒரே தடவையில்.

போகும்போது பழைய ஈ.சி.ஜி. இருந்தால் எடுத்துப் போங்கள், புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அந்தப் பேப்பர் நம் ஊர் வெயிலில் பீரோவுக்குள்ளேயே மங்கிப்போகும், இன்றைக்கே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.