குழந்தை பிறந்தும் வயிறு இறங்கவில்லையா? வாசகிகளின் கேள்விகளும் பதில்களும்

பிரசவத்துக்குப் பிந்தைய முதுகுவலி பற்றிப் போன முறை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வயிற்றைப் பற்றியவை. மதுரையில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் எனக்கு இது புதிதல்ல. முதுகுக்கு என்று வருகிற பெண்கள், கிளம்பும்போது கதவருகே நின்று, குரலைத் தாழ்த்தித்தான் வயிற்றைப் பற்றிக் கேட்பார்கள். இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: சுகப்பிரசவம். குழந்தைக்கு ஐந்து மாதம். எடை பழையபடி வந்துவிட்டது, வயிறு மட்டும் இறங்கவில்லை. மேலூர் பஸ்ஸில் ஒரு அம்மா, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்தார். படுத்து எழும்போது நடு வயிற்றில் வரப்பு மாதிரி புடைக்கிறது. இது கொழுப்பா?

பதில்: வரப்பு என்று நீங்கள் எழுதிய ஒரு சொல்லே எனக்குப் போதும். கொழுப்பு அப்படி எழுந்து நிற்காது. இது பெரும்பாலும் வயிற்றுத் தசை விலகல். டாக்டர்கள் டயாஸ்டாசிஸ் ரெக்டி என்பார்கள்.

விலாவிலிருந்து இடுப்பெலும்பு வரை வயிற்றின் முன்பக்கம் இரண்டு நீளத் தசைகள் இறங்குகின்றன. இரண்டையும் நடுவில் ஒரு வெண்ணிற நார்ப்பட்டை சேர்த்துப் பிடித்திருக்கிறது. கர்ப்பப்பை வளர வளர அந்தப் பட்டை அகன்று மெலிகிறது, தசைகள் பக்கவாட்டில் ஒதுங்குகின்றன. ஒன்பதாம் மாதத்தில் ஏறக்குறைய எல்லாத் தாய்மார்களுக்கும் இது நடக்கும், குழந்தைக்கு இடம் வேண்டுமே. பிரசவமான முதல் 8 வாரங்களில் பெருமளவு தானாகவே நெருங்கிவிடும். சிலருக்கு அப்புறமும் விலகியே நிற்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். தொப்புள் மேல் இரண்டு விரல்களைக் குறுக்காக வைத்துத் தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசையின் விளிம்பு விரலில் தட்டுப்படும். தொப்புளுக்கு மூன்று விரல்கடை மேலேயும் கீழேயும் இதேபோல் பாருங்கள். இடையில் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் விலகல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அகலத்தை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம். விரலுக்கு அடியில் என்ன தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். பிசைந்த மாவு போல உள்ளே அமுங்குகிறதா, இழுத்துக் கட்டிய கயிற்றுக் கட்டில் போல எதிர்த்து நிற்கிறதா? எதிர்த்து நின்றால் இரண்டரை விரல் இடைவெளியோடும் நன்றாக வேலை செய்யும் வயிறு அது. கயிறு தொய்ந்த கட்டிலை இறுக்குவது போலத்தான் நம் வைத்தியமும்.

முதல் பயிற்சி இதுதான். அதே நிலையில் படுத்து உள்ளங்கைகளை அடிவயிற்றில் வையுங்கள். மூக்கால் மூச்சை இழுங்கள், வயிறு தானாக எழட்டும். சூடான பாலை ஊதி ஆற்றுவது போல வாயால் மெல்ல விடுங்கள். விடும்போதே, சிறுநீரை அடக்குவது போலக் கீழ்த்தசைகளை மேலே இழுத்து, அடிவயிற்றை முதுகெலும்பை நோக்கி மென்மையாக ஒடுக்குங்கள். மூச்சை அடக்காமல் ஐந்து எண்ணும்வரை நிறுத்திவிட்டு முழுதாகத் தளர்த்துங்கள். பத்து முறை, காலையும் மாலையும். இது எளிதானதும் அதே மூச்சோடு ஒரு குதிகாலைத் தரையில் நீட்டி மடக்குங்கள், பிறகு இடுப்பைத் தூக்குங்கள். எந்தக் கட்டத்தில் வரப்பு எழுகிறதோ, அதற்கு முந்தைய கட்டமே இப்போதைக்கு உங்களுடையது.

படுக்கையிலிருந்து நேராக எழ வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுங்கள்.

கேள்வி: சிசேரியன் ஆகி 20 நாள். வயிற்றைக் கட்டாமல் விட்டால் தொப்பை போடும் என்று அம்மா பழைய சுங்குடிச் சேலையை இறுக்கிக் கட்டிவிடுகிறார். தண்ணீர் அதிகம் குடித்தாலும் வயிறு பெருக்குமாம். பெல்ட் வாங்கினால் சரியாகுமா? (திருமங்கலம்)

பதில்: அம்மாவின் கைப்பக்குவத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. தையல் போட்ட வயிற்றுக்கு, நடக்கும்போதும் இருமும்போதும் ஒரு தாங்கல் இதமாக இருக்கும். சேலையோ பெல்ட்டோ, முதல் ஆறு வாரம் எழுந்து நடமாடும் நேரத்தில் கட்டிக்கொள்ளலாம். உள்ளே ஒரு கை தாராளமாக நுழைய வேண்டும். படுக்கும்போது அவிழ்த்துவிட வேண்டும். மூச்சு முட்டும்படி இறுக்கினால் உள்ளேயுள்ள அழுத்தம் கீழே இறங்கி, கர்ப்பத்தில் ஏற்கெனவே தளர்ந்த இடுப்புத் தளத்தை, அதாவது கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகளை, தள்ளும். கட்டு தாங்கும், அவ்வளவுதான். தசைக்குப் பலம் தராது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அம்மாவோடு நான் உடன்பட மாட்டேன். பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீரையும் காய்கறியையும் குறைத்துப் பத்தியம் இருந்தால் மலச்சிக்கல் வரும். முக்கி முக்கிப் போவது நடு வயிற்றுப் பட்டையையே இழுக்கும், தையலும் வலிக்கும். சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு எல்லாம் செய்து தரட்டும், அருமையான சாப்பாடு. கூடவே கீரையும் ஒரு சொம்பு தண்ணீரும் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சிசேரியனில் அந்த நீளத் தசைகளைப் பொதுவாக வெட்டுவதில்லை, பக்கவாட்டில் விலக்கித்தான் குழந்தையை எடுக்கிறார்கள். உங்கள் தசை அப்படியேதான் இருக்கிறது. மேலே சொன்ன மூச்சுப் பயிற்சியை வலி இல்லாத அளவுக்கு இப்போதே தொடங்கலாம். மற்றவை 6 வாரப் பரிசோதனையில் டாக்டர் தையலைப் பார்த்துச் சரி என்ற பிறகு.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கும் வேலை. குழந்தைக்கு மூன்று மாதம். வேலைக்குப் போகாமல் முடியாது. வீட்டுக்குத் தண்ணீரும் நான்தான் எடுக்க வேண்டும். வயிறு இன்னும் தொளதொளவென்று இருக்கிறது.

பதில்: ஓய்வெடுங்கள் என்று எழுதிவிட்டு நான் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். அது உங்களுக்கு உதவாது. மொட்டு விரியுமுன் எடுத்தாக வேண்டும், விடிகாலையில் நீங்கள் தோட்டத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே, செய்கிற வேலையையே வயிற்றுக்கு ஏற்றபடி மாற்றுவோம்.

பூப் போடும் மடியைத் தொப்புள் மேல் இறுக்கிக் கட்டாதீர்கள். இறக்கி, இடுப்பெலும்பில் அமரும்படி கட்டுங்கள். நிறைந்ததும் கொட்டிவிடுங்கள், கனக்க விட வேண்டாம். குனியும்போது முதுகை வளைக்காமல் முழங்காலைச் சற்று மடக்கி இடுப்பிலிருந்து குனியுங்கள். ஒரு பாத்தி முடிந்ததும் நிமிர்ந்து நின்று ஐந்து முறை அந்த மூச்சு. தனியாக நேரம் ஒதுக்க முடியாத உங்களுக்கு இதுவே பயிற்சி.

குடம்தான் எனக்குக் கவலை. நிறைந்த பிளாஸ்டிக் குடம் 15 கிலோ வரை இருக்கும், உங்கள் குழந்தையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இன்னும் சில மாதத்துக்கு அரைக்குடமாக இரண்டு நடை நடங்கள். உட்கார்ந்து, குடத்தை உடம்போடு சேர்த்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்குங்கள். மூச்சைப் பிடித்துத் தூக்குவதுதான் கெடுதல். ஒரே இடுப்பில் வைக்காமல் பக்கம் மாற்றுங்கள். முழுக்குடத்தை வீட்டுக்காரர் தூக்கட்டும். இந்தப் பத்தியை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போனில் பார்த்து தினமும் 50 சிட்-அப் (மல்லாந்து படுத்து எழுவது) எடுக்கிறேன். வயிறு குறையவே இல்லையே?

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். வரப்பு புடைக்கும்படி செய்யும் சிட்-அப், விலகலை மேலும் இழுக்கலாம். முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை போல நிறுத்தும் பிளாங்கும் இப்போது வேண்டாம். முதல் பதிலில் உள்ள பயிற்சியை மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: தும்மினால் சிறுநீர் கசிகிறது. யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை.

பதில்: என்னிடம் சொல்லிவிட்டீர்கள், நல்லது. வயிற்றுத் தசையும் இடுப்புத் தளமும் கூட்டாளிகள். ஒன்று தளர்ந்தால் மற்றொன்றும் திணறும். சிறுநீரை அடக்குவது போல இழுத்து, ஐந்து எண்ணித் தளர்த்துவதை ஒரு நாளைக்கு மூன்று வேளை, பத்துப் பத்தாகச் செய்யுங்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம். தும்மல் வரும்போதும் அதேபோல் இழுத்துப் பிடியுங்கள். மூன்று மாதத்தில் குறையாவிட்டாலோ, கீழே ஏதோ இறங்குவது போல இருந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

கேள்வி: இருமினால் தொப்புள் எலுமிச்சம்பழம் போல வெளியே வருகிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது.

பதில்: இது குடலிறக்கமாக இருக்கலாம், பயிற்சியால் தீராது. இந்த வாரமே அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்; பெரியாஸ்பத்திரியிலேயே பார்ப்பார்கள். புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகி, வலி, வாந்தி வந்தாலோ, நிறம் மாறினாலோ இரவானாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. இனிமேல் முயன்று பயன் உண்டா? ஆபரேஷன்தான் வழியா? (சோழவந்தான்)

பதில்: உண்டு. தசைக்கு ஆறு வயது கணக்கெல்லாம் தெரியாது, பழக்கினால் பலம் பெறும். ஒரு முழு வருடம் பொறுமையாகப் பயிற்சி செய்தும் முதுகுவலி தீராமல், வேலை செய்ய முடியாமல், இடைவெளி பெரிதாகவே இருந்தால்தான் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சையை யோசிக்கலாம். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அறுவைச் சிகிச்சையை அதற்குப் பிறகு என்று தள்ளிவையுங்கள், அடுத்த கர்ப்பம் தையலை மறுபடி இழுக்கும். இன்று இரவு மகள் தூங்கிய பிறகு அந்த இரண்டு விரல் சோதனையைச் செய்து, எத்தனை விரல், எவ்வளவு அமுங்குகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்து, இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.