ஆறு ஷீட், ஆறு வரி

வணக்கம்.
ஆட்டப் பிரியர்கள் கூடும் கன்வென்ஷனில் நடத்த ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகக் கதையை ஆடுவது) எழுதியிருக்கிறேன். நான்கு மணி நேரம், ஆறு பேர். ராஜ்யத்தின் வரலாறே 18 பக்கம் வந்துவிட்டது. மூன்று சண்டை போதுமா, நான்கு வேண்டுமா? கேரக்டர்களை அங்கேயே உருவாக்கச் சொல்லலாமா?
வி.

அன்புள்ள வி.,

இரண்டு சண்டை போதும். நான்கு மணி நேரமெல்லாம் அட்டவணையில்தான். எல்லோரும் வந்து உட்கார்ந்து, விதி தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்து, நடுவே இடைவேளையும் விட்டால் மூன்று மணி நேரம் மிஞ்சும். அந்த 18 பக்கத்தை யாருக்காக எழுதினீர்கள்? மேசைக்கு வரும் ஆறு பேரில் ஒருவர்கூடப் படிக்கப்போவதில்லை. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேரக்டரை அங்கே உருவாக்கவே விடாதீர்கள். ஒவ்வொரு கேரக்டரும் யார், அதன் வலிமை என்ன என்று குறிக்கும் ஷீட்டை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். கொஞ்ச நாளாக என் மனதில் ஓடுவதும் இந்த ஷீட் விஷயம்தான்.

1975இல் ஆரிஜின்ஸ் கன்வென்ஷனில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற ஆட்டம் போட்டியாக நடந்தது. பொறிகள் நிறைந்த கல்லறைக்குள் எவ்வளவு தூரம் பிழைத்துப் போகிறார்கள் என்பதுதான் அங்கே விஷயம். அதற்கு எண்கள் போதும். நீங்கள் எழுதியிருப்பது கதை. அதற்குப் போதாது.

பல வருடங்களுக்கு முன் நான் நடத்திய மேசையில் ஒரு பெண்ணுக்குக் காவல் வீரன் ஷீட்டைக் கொடுத்தேன். வலிமை 16, கவசம் 18, அவ்வளவுதான். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கும்போதெல்லாம், "இவங்க கூடவே போறேன்" என்றார். முழு ஆட்டமும் அப்படியே போனது. கிளம்பும்போது ஷீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் பென்சிலில் அந்த வீரனை வரைந்திருந்தார், காலடியில் ஒரு நாய்க்குட்டியோடு. நான் கொடுக்காத துணையை அவரே கொடுத்திருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அன்று இரவே அந்த ஷீட்டின் அடியில் எழுதினேன்: "உங்கள் தம்பி அந்தக் கோட்டைக்குள் இருக்கிறான். சூனியக்காரிக்கு மட்டும் இது தெரியும்." மறுநாள் அது இன்னொருவர் கைக்குப் போனது. அவரும் கூச்ச சுபாவம்தான். படித்தார், சட்டென்று நிமிர்ந்தார். "இங்க சூனியக்காரி யாரு?" நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

அடுத்தவரைத் தேட வைக்கும் இப்படி ஒரு வரியை ஆறு ஷீட்டுக்கும் எழுதி எனக்கு அனுப்புங்கள். ராஜ்யத்தின் வரலாறு வேண்டாம், ஒரு பக்கம்கூட வேண்டாம்.