ஸ்பானிய மொழியில் ஒருவரை மனதாரப் பாராட்ட என்ன சொல்ல வேண்டும்?

'நன்றாக இருக்கிறது, அழகாக இருக்கிறது' என்பதைத் தாண்டி, கூட வேலை செய்யும் ஸ்பானியர்களைச் செயற்கையாகத் தெரியாமல் பாராட்டுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது ஸ்பெயினின் வலென்சியாவில். இங்கே அன்றாடம் காதில் விழுவதை வைத்துச் சொல்கிறேன்.

புதுச் சட்டை போட்டு வந்தவரிடம் 'கே பியென் தே கேதா!' என்பார்கள். உனக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று அர்த்தம். சட்டைக்கும் பெருமை, போட்டவருக்கும் பெருமை. கணக்கில் யாரும் கவனிக்காத பிழையைப் பிடித்தவரிடம் 'கே புவேன் ஓஹோ தியேனெஸ்', என்ன கண்ணப்பா உனக்கு! பாராட்டு 'கே' (என்ன, எவ்வளவு) என்று தொடங்கினாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, எதைக் கவனித்தோம் என்று சொல்வதில் இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் இது நன்றாகத் தெரியும். ஞாயிறு மதியம் பயேயா என்ற வலென்சியா அரிசிச் சாப்பாட்டைச் சமைப்பது நண்பரின் அப்பா. அகலமான சட்டியின் அடியில் படியும் காந்தல் அடுக்குக்கு 'சொகர்ரத்' என்று பெயர். கருகவும் கூடாது, நமத்துப் போகவும் கூடாது. பொதுவாக 'ருசியாக இருக்கிறது' என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கரண்டியால் அடியைச் சுரண்டி எடுத்து 'எல் சொகர்ரத் லே ஆ சாலிதோ பெர்ஃபெக்தோ' என்று சொல்லிப் பாருங்கள். காந்தல் உங்களுக்கு அப்படியே அமைந்துவிட்டது என்றதும், ஆரஞ்சு மர விறகில் தொடங்கி, கடைசியில் தீயைக் கூட்டிய கதை வரை வந்துவிடும். பெரியவர் என்பதால் 'லே' (உங்களுக்கு). நண்பரே சமைத்திருந்தால் 'தே' (உனக்கு).

இனி கவனமாக இருக்க வேண்டிய இடங்கள். 'எஸ்தாஸ் குவாப்பா' என்றால் இன்றைக்கு அழகாக இருக்கிறாய். 'எரெஸ் குவாப்பா' என்றால் நீ அழகி. அலுவலகத்தில் முதலாவதே போதும், அதுவும் பழகியவர்களிடம் மட்டும். 'எஸ்தா புவேனா' என்று பயேயாவைச் சொல்லலாம். அதையே ஒரு பெண்ணைப் பார்த்து 'எஸ்தாஸ் புவேனா' என்றால் உடம்பைப் பார்த்துச் சொல்லும் கொச்சை. ஒருவரின் குணம் பிடித்திருந்தால் 'மே காயெஸ் முய் பியென்' என்று சொல்லுங்கள். ஆண், பெண் யாரிடமும் தயங்காமல் சொல்லலாம். 'மே குஸ்தாஸ்' என்று சொல்லிவிட்டால் அது காதல் விவகாரம், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள்.

தெருவில் போகும் பெண்ணைப் பார்த்து ஆண்கள் வீசும் 'பிரோப்போ'வும் பாராட்டுதான் என்று வாதாடுபவர்கள் இன்னமும் உண்டு. பெரு நாட்டில் 2015-லேயே பொது இடத்துப் பாலியல் தொந்தரவுக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. ஸ்பெயினில் 2022 சட்டத்துக்குப் பிறகு ஆபாசமாகப் பேசி ஒருவரை அவமானப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். அறிமுகமில்லாதவரின் தோற்றத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

கடல் தாண்டினால் வழக்கம் கொஞ்சம் மாறும். கொலம்பியாவில் ஒருவரின் பையைப் புகழ்ந்தால் 'ஆ லா ஓர்தென்', அதாவது உங்களுக்காகத்தான் இருக்கிறது என்பார்கள். மரியாதைக்குச் சொல்வது, கை நீட்டிவிடாதீர்கள். மெக்சிகோவில் கைக்குழந்தையைப் பார்த்து 'என்ன அழகு' என்று சொன்னால் லேசாகத் தொட்டுவிடச் சொல்லும் வீடுகள் உண்டு, இல்லையென்றால் கண் பட்டுவிடுமாம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஸ்பெயினில் பாராட்டைக் கேட்டவர் பெரும்பாலும் 'ஐயோ, இது பழசு, தள்ளுபடியில் வாங்கினது' என்று தட்டிவிடுவார். பொய்யாகப் புகழ்ந்தீர்கள் என்று நினைத்துச் சொல்வதில்லை, கூச்சம்தான். விடாமல் வற்புறுத்த வேண்டாம். 'புவெஸ் தே கேதா ஹேனியால்', பழசோ புதுசோ உனக்குப் பிரமாதமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, காபி எடுக்கப் போய்விடுங்கள்.