பெண் வயதுக்கு வந்தால் சடங்கு வைப்பது இந்தக் காலத்துக்குத் தேவையா?

ஊரைக் கூட்டிச் சடங்கு வைக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் மகள் இருக்கிறாள், பெரியவர்கள் மண்டபம் பார்க்கச் சொல்லி நெருக்குகிறார்கள் போல. நான் தாய்மாமன். பினாங்கு பட்டர்வொர்த்தில் அக்கா மகளுக்குச் சீர் தூக்கியவன்.

வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உடனே பெண்ணடிமை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தனித்தட்டு, தனிப்பாய் என்று பிள்ளையை ஒதுக்கி வைப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் பாட்டி ஒரு வாரம் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாரே, அதில் என்ன தப்பு?

தப்பு நடந்தது சடங்கன்றுதான். 21 தட்டு வைத்தேன். தண்ணீர் ஊற்றி, நான் எடுத்த பட்டுச் சேலையைக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். காதோரம் மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது. மாலை போடக் குனிந்தபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அந்தக் கேமராக்காரரப் போகச் சொல்லுங்க. ஸ்கூல்ல எல்லாரும் பாப்பாங்க." விரல் சில்லென்று இருந்தது. தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பின் நுழைவாயிலில் அவள் படம் போட்ட பேனர் வேறு.

கேமராக்காரரைச் சாப்பிட அனுப்பினேன். பேனரை நானே அவிழ்த்தேன். பணம் கட்டியாச்சு, நீ யார் நிறுத்த என்று அத்தானின் அண்ணன் எகிறினார். என் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு எட்டிப் பார்க்காத மனிதர்! கூப்பிடும் தூரத்தில்தான் வீடு. அது வேறு கதை, ஆனாலும் மனசு ஆறவில்லை.

தியோச்சூ சீனர்களிடமும் ஒரு சடங்கு உண்டு, பூந்தோட்டத்தை விட்டு வெளியே வருவது என்பார்கள். 15 வயதில் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்: 12 வகைப் பூ போட்ட தண்ணீரில் குளியல், சிவப்பு மரச்செருப்பு, சாப்பாட்டில் கோழித்தலை. அங்கே கணக்கு வயதுதான், பிள்ளை கூசுவதற்கு ஒன்றுமில்லை. மலாய்ப் பையன்களுக்குச் சுன்னத்து இருக்கிறது. நம் பையன்களுக்கு, பூணூல் போடும் வீடுகளை விட்டால், என்ன இருக்கிறது? பெண்ணின் உடம்பு விஷயத்துக்கு மட்டும் பேனர் கட்டுகிறோம்.

மகளிடம் கேளுங்கள். சரி என்றால் வீட்டோடு வையுங்கள். தட்டும் 21 வேண்டாம், ஒற்றைப்படையில் ஐந்து போதும். உளுந்தங்களியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.